மயக்கத்துக்கு இரண்டு வார்த்தை

அந்த மருத்துவமனையில் டாக்டர்களுக்கு ஆங்கிலம்தான் தெரியும். வருகிற நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தமிழ்தான் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். அதில் பதினோரு வருடமாக உட்கார்ந்து வந்த ஒரு பெண்ணின் கதை இது.

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருந்தது. ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நோயாளிகளுக்கு அவள் அக்கா. தரை துடைக்கிற பெண்களுக்கும் லிப்ட் ஓட்டுகிறவருக்கும் ‘ரெண்டு நாக்கு’.

“அது திட்டற வார்த்தை இல்லையாடி?” என்று ஆரம்பத்தில் சண்டைக்குப் போனாள்.

“உங்களுக்கு நிஜமாவே ரெண்டு இருக்கேக்கா. நாங்க என்ன பண்றது?” என்றார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளில் பட்டன் சரியா, கழுத்துப் பட்டை நேரா என்று பார்த்து, உள்பக்கம் ஒட்டியிருக்கிற துணிச்சீட்டையும் சரிபார்க்க வேண்டும். அந்தச் சீட்டுதான் அவளுக்கு முதல் ஆங்கிலப் புத்தகம். வாஷ் என்றால் துவைக்கிறது, ரின்ஸ் என்றால் அலசுகிறது. இரண்டும் தண்ணீர்ச் சமாசாரம்தான், ஆனால் ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. தமிழிலும் அப்படியே இரண்டு வார்த்தை இருப்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆங்கிலத்தில் எந்த வார்த்தையை எடுத்தாலும் அதற்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தமிழ் வார்த்தை உட்கார்ந்திருக்கும் என்று அவள் நம்பத் தொடங்கியது அப்போதுதான். மாலை வகுப்பில் மூன்று வருடம் படித்தாள். பரீட்சையில் ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறினாள். முப்பத்தைந்தாவது வயதில் தொழிற்சாலையை விட்டு மருத்துவமனைக்கு வந்தாள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு அங்கே ஒரு விதி உண்டு. ‘இவருக்கு நெஞ்சு வலிக்கிறதாம்’ என்று சொல்லக் கூடாது. நோயாளி எப்படிச் சொல்கிறாரோ அப்படியே, ‘எனக்கு நெஞ்சு வலிக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆக, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரில் உள்ள நோவெல்லாம் அவளுக்குத்தான். வீட்டுக்குப் போனால், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் கை கழுவிக்கொண்டே கேட்பார்.

“இன்னிக்கு எத்தனை வியாதி?”

“பதினாலு. அதுல ரெண்டு பிரசவம்.”

“அப்ப நானே காபி போடறேன், நீ உக்காரு” என்பார்.

ஒரு கிரேன்காரர் வந்த அன்று பத்தொன்பது பேர். பெரிய டாக்டரம்மா காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேஜையில் அவர் வைத்த சாண்ட்விச் பிரிக்காமலே கிடந்தது. கிரேன்காரருக்கு நாற்பத்தொரு வயது. கட்டடம் கட்டுகிற இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். தினமும் காலையில் இருநூற்றுச் சொச்சம் படி ஏணியில் ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. வேலை பார்க்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார்.

“ஏணியில இறங்கிட்டிருந்தேன். கொக்கி சரியா நிக்குதான்னு அண்ணாந்து பார்த்தேன். மயக்கம் வந்துருச்சு. அப்படியே சாஞ்சுட்டேன். ரெண்டு பேர் ஏறி வந்து என்னை இறக்கினாங்க” என்றார்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஐ ஃபெயின்டட்” என்றாள்.

டாக்டரம்மா தலை நிமிராமல் எவ்வளவு நேரம் என்று கேட்டார். “எவ்வளவு நேரம் இருந்துச்சு?” என்று இவள் கேட்டாள். “ஒரு நிமிஷம் இருக்கும்” என்றார் அவர். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நெஞ்சுக்கு ஒரு சோதனை, தலைக்கு ஒரு ஸ்கேன். எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் ஒரு படிவம் பூர்த்தியாகி அவருடைய கம்பெனிக்குப் போனது. ஒரு நிமிடம் நினைவு தப்பியவர், ஆறு மாதம் உயரத்தில் ஏறக் கூடாது, இயந்திரம் எதையும் இயக்கக் கூடாது. அங்கே விதி அப்படி. அவள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள். அன்றைக்கே அவரை மறந்தும் போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மதியம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று தம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தவளை யாரோ “அக்கா” என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் கிரேன்காரர். பக்கத்தில் அவர் மனைவி. பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள்.

“என்னை ஞாபகம் இருக்கா? கிரேன்” என்றார் அவர்.

“இருக்கு, இருக்கு. இப்ப எப்படி இருக்கீங்க?”

“லாரி டயர் கழுவறேன்” என்றார். “கேட்ல நின்னுக்கிட்டு. வெளிய போற லாரி ஒவ்வொண்ணுக்கும் தண்ணியடிச்சு மண்ணு போக்கி அனுப்பணும். பதினேழு வருஷம் மேல உக்காந்துக்கிட்டு அந்த லாரிங்கள தீப்பெட்டி மாதிரி பார்த்தவன் நான்.” அவர் குரல் உயரவே இல்லை. “சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டு, யூ ஃபெயின்டட்னு சொன்னாரு. எனக்குப் புரியல. நான் எப்ப சார் பெயிண்ட் அடிச்சேன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறந்தான் ஒருத்தர் சொன்னாரு, நீ நினைவு தப்பி விழுந்தியாமேன்னு. நான் எங்கக்கா விழுந்தேன்?”

“நீங்கதானே மயக்கம்னு சொன்னீங்க?”

“ஆமா. மயக்கம்தான். கிர்ருனு சுத்துச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டு சாஞ்சு உக்காந்துட்டேன். நினைவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

 தம்ளரில் தண்ணீர் நிரம்பிக் கையில் வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அதுவரை பேசாமல் நின்ற மனைவி வாய் திறந்தாள். “இங்க உங்களை எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிடறாங்கன்னு கேட்டேன். சரியாத்தான் வெச்சிருக்காங்க. அவர்கிட்ட ஒரு நாக்கு, டாக்டர்கிட்ட ஒரு நாக்கு.”

“சும்மா இரு” என்றார் கிரேன்காரர்.

“எதுக்கு சும்மா இருக்கணும்? இவங்க வாய்ல ஒரு வார்த்தை தப்பா வந்துச்சு. நீங்க அங்க நின்னு சேறு கழுவறீங்க.”

அவள் குழாயை மூடினாள். “நாளைக்குக் காலையில டாக்டரம்மாவைப் பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னாள். அது அவளுக்கே மொட்டையாகத்தான் பட்டது.

சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கணவரிடம் கேட்டாள். “மயக்கம்னா என்னங்க?”

“இது என்ன கேள்வி? தலை சுத்தறது. கிர்ருனு வரும்ல, அது.”

மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். “இல்லப்பா, மயக்கம்னா நினைவு போறது. எங்க கிளாஸ்ல ஒருத்தி மயக்கம் போட்டு விழுந்தாளே. தண்ணி தெளிச்சுத்தான் எழுப்பினாங்க.”

“அது மயக்கம் போடறதுடா. நான் சொல்றது மயக்கம் வர்றது.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“எப்படி ஒண்ணாகும்? எனக்கு டிப்போவுல புகையில நின்னா மயக்கம் வருது. நான் என்னைக்காவது விழுந்திருக்கேனா?” என்றவர் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினார். “உன் பேச்சுல மயங்கித்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன். அதுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்குமே?”

மகள் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் வெங்காயமா வேறு எதுவுமா என்று அவர் குனிந்து பார்க்கவும், நடந்ததைச் சொன்னாள். டிஸ்ஸி என்றால் தலை சுற்றல். ஃபெயின்ட் என்றால் நினைவு தப்புவது. ஆங்கிலத்தில் அது இரண்டு தனித்தனி வார்த்தை, டாக்டருக்கு இரண்டு தனித்தனி வழி. தமிழில் இரண்டையும் ஒரே மயக்கத்துக்குள் போட்டு வைத்திருக்கிறோம். எந்த மயக்கம் என்று கேட்க வேண்டியது அவள் வேலை. கேட்கவில்லை.

“பதினோரு வருஷமா எத்தனை பேர் மயக்கம்னு சொல்லியிருப்பாங்க?” என்றாள். “எத்தனை பேருக்கு நான் என்னன்னு சொன்னேன்? ஒண்ணும் ஞாபகம் இல்லையே.”

 கத்தியை வாங்கி மீதி வெங்காயத்தை அவரே நறுக்கினார்.

மறுநாள் காலையில் முதலில் தன் மேலதிகாரியிடம் போனாள். அவர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“இதை எழுத்துல குடுத்தா உங்க ஃபைல்ல ஏறும். இன்னும் ரெண்டு மாசத்துல உங்க கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். அந்த ஆளு திரும்ப வந்தா டாக்டரே கேட்டுத் திருத்திக்கட்டுமே. மயக்கம்னா அதுவும் ஒரு அர்த்தம்தானே? நீங்க முழுசா தப்புன்னு சொல்ல முடியாது.”

“முழுசா சரின்னும் சொல்ல முடியாதே சார்.”

அவர் பெருமூச்சு விட்டு இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மூன்று தடவை எழுதினாள். முதல் தடவை நீளமாக, கூட்டத்தையும் அவசரத்தையும் சேர்த்து எழுதி, கிழித்துப் போட்டாள். இரண்டாவது, தமிழைக் குற்றம் சொல்வது போல இருந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவதில் நான்கே வரி. நோயாளி சொன்ன சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எந்தப் பொருள் என்று நான் கேட்கவில்லை. நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தவறு என்னுடையது.

டாக்டரம்மா அதை நின்றுகொண்டே படித்தார். கோபப்படுவார் என்று இவள் எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “விழுந்தாயா, அடிபட்டதா என்று நானும் கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்கவில்லை” என்றார் ஆங்கிலத்தில். “அவரை வியாழக்கிழமை வரச் சொல். ஆனால் ஒன்று. இந்த முறை உனக்கு என்ன தோன்றுகிறது என்பது எனக்கு வேண்டாம். அவர் வாயிலிருந்து வருவது மட்டும் வேண்டும்.”

வியாழக்கிழமை கிரேன்காரரும் மனைவியும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவர் சலவை செய்த சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் சேறு இருந்தது. மனைவி இவளைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போனாள். அன்றைய வேகம் இல்லை.

“அக்கா, அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. ஒண்ணு மட்டும் பண்ணுங்க. உள்ள அவர் என்ன சொன்னாலும் நீங்க டிஸ்ஸின்னே சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே?”

“அவர் வேற ஏதாவது சொல்வாரோன்னு பயமா உங்களுக்கு?”

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அவர் பொய் சொல்ல மாட்டாரு. ஆனா நான் கூட இல்லையே. மேல ஏணியில என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே நினைவு போயிருந்தா அவருக்கே தெரியாதில்ல?”

“அப்படிப் போயிருந்தா அவர் திரும்ப மேல ஏறணுமா?” என்று இவள் கேட்டாள்.

 மனைவி கீழே வண்டிகள் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். பிறகு, “கேளுங்க. நல்லா கேளுங்க” என்றாள்.

உள்ளே டாக்டரம்மா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். இவள் ஒவ்வொன்றாகத் தமிழில் வைத்தாள். மயக்கம் என்ற சொல்லைத் தப்பித்தவறிக்கூட அவள் வாயில் எடுக்கவில்லை.

“கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா, இல்ல சுத்தி இருக்கிறது சுத்துச்சா?”

“சுத்துச்சு. கட்டடம், கம்பி, வானம் எல்லாம் ஒரே பக்கமா சுத்துச்சு. கண்ணை மூடினேன். அப்பவும் நிக்கல.”

“அந்த நேரத்துல சத்தம் ஏதாவது கேட்டுச்சா?”

“கேட்டுச்சே. நான் கூண்டை விட்டு இறங்கினது தெரியாம வாக்கி டாக்கியில கூப்பிட்டாங்க. கொக்கி ஏன் அப்படியே நிக்குது, இறக்குவியா மாட்டியான்னு. கொஞ்சம் இருன்னு சொன்னேன்.”

“பதில் சொன்னது ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கு. ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன்.” அவர் சங்கடப்பட்டு மனைவியைப் பார்த்தார். “அதையும் சொல்லணுமா?”

“சொல்லணும்” என்றுவிட்டு, இவள் அந்தக் கெட்ட வார்த்தைக்குச் சமமான ஒன்றை ஆங்கிலத்தில் தேடிப் பிடித்துச் சொன்னாள். டாக்டரம்மாவின் உதடு லேசாகத் துடித்தது.

“உங்களுக்கு நடுவுல எந்த நேரமாவது விட்டுப்போச்சா? இது ஞாபகம் இருக்கு, அது இருக்கு, நடுவுல இருக்கிறது இல்லைங்கிற மாதிரி?”

அவர் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.   அவர் மனதுக்குள் அந்த ஏணியை ஒரு தடவை ஏறி இறங்குகிறார் என்று இவளுக்குத் தோன்றியது.

“இல்ல” என்றார் கடைசியில். “சாஞ்சு உக்காந்தேன். ஒரு புறா பக்கத்துக் கம்பியில வந்து உக்காந்துச்சு. அது ரெண்டு மூணாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் ஒண்ணாச்சு. அப்ப கீழருந்து ஆளுங்க ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு. எதுவும் விட்டுப்போகல.”

புறா உள்பட எல்லாவற்றையும் அவள் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. இரண்டு மூன்று நொடி ஒன்றும் இல்லை. பிறகு அவருடைய கண்மணிகள் இரண்டும் ஒரே பக்கமாகத் துடித்துத் துடித்து ஓடின. “ஐயோ, சுத்துது, சுத்துது” என்று கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தார். அரை நிமிடத்தில் அடங்கியது.

“இதேதான்! அன்னிக்கு வந்தது இதேதான்!” என்று படுத்தபடியே கத்தினார். நோய் வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

காதுக்கு உள்ளே, உடம்பு நிலையாக நிற்பதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அங்கிருக்கிற மிகச் சிறிய துகள்கள் இடம் மாறிவிட்டன, அதனால் அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிறது என்று டாக்டரம்மா விளக்கினார்.

“காதுலயா? எனக்குக் காது நல்லா கேக்குதே” என்றார் கிரேன்காரர்.

தலையை நாலைந்து விதமாகத் திருப்பித் திருப்பி வைத்தே அந்தத் துகள்களை இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதை அவர் நம்பவே இல்லை. மாத்திரை இல்லையா என்று மூன்று தடவை கேட்டார். அன்றைக்கே ஒரு தடவை செய்தார்கள், அடுத்த வாரம் இன்னொரு தடவை.

மனைவி, படிவத்தை இப்போதே மாற்றித் தருவார்களா என்று கேட்கச் சொன்னாள். டாக்டரம்மா அரைகுறையாகத் தலையை ஆட்டினார். நினைவு தப்பவில்லை என்று இன்றைக்கே திருத்தி எழுதுகிறேன். ஆனால் அந்த உயரத்தில் தலை சுற்றினாலும் ஆபத்துதான். நாலு வாரம் ஒரு தடவையும் வராமல் இருந்தால் மேலே ஏறலாம் என்று கையெழுத்துப் போடுகிறேன் என்றார். வார்த்தை மாறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்த மனைவியின் முகம் வாடியது. அவருக்கு அப்படி இல்லை. “நாலு வாரம்தானே. ஆறு மாசத்துக்கு நாலு வாரம் எவ்வளவோ மேல்” என்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் கையெழுத்து வாங்க வந்தார். டாக்டரம்மா படிவத்தைக் கொடுத்துக் கைகுலுக்கினார். அவர் கிளம்பாமல் இவளைப் பார்த்து நின்றார்.

“அக்கா, உங்க மேல இருந்த கோவம் முழுசா போகல. பொய் சொல்லக் கூடாதில்ல. ஆனா நீங்களே வந்து தப்புன்னு சொன்னீங்க. எங்க சைட்ல அப்படிச் சொல்ற ஒருத்தரை நான் பார்த்ததில்ல.”

அவர் என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார். விதி விதிதானே. ‘உங்கள் மேல் இருந்த கோபம் எனக்கு முழுதாகப் போகவில்லை’ என்று இவள் ஆங்கிலத்தில் ஆரம்பிக்க, டாக்டரம்மா திடுக்கிட்டு, “என் மேலா? உனக்கா?” என்றார். நிலைமையைப் புரியவைப்பதற்குள் மூவருமே சிரித்துவிட்டார்கள்.

அவருடைய பழைய கிரேனில் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஒன்றரை மாதம் கீழே நின்று சைகை காட்டுகிற வேலையில் இருந்தார். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிய ஒரு கிடங்கில் கொஞ்சம் உயரம் குறைந்த கிரேன் கிடைத்தது. அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தால் முதலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் மட்டும் அவருக்கு நிலைத்துவிட்டது.

அவளுக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை வந்தது. மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கிற கான்ட்ராக்டை அந்தத் தடவை ஒரு வருடத்துக்குத்தான் புதுப்பித்தார்கள். வருத்தப்பட்டாள்.  ஆனால் அந்த நான்கு வரியை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று மட்டும் ஒருபோதும் சொன்னதில்லை. மறு வருடம் பழையபடி மூன்று வருடம் கொடுத்தார்கள்.

எச்சரிக்கை வந்த அந்த நாட்களிலேயே பழைய நோயாளிகளின் நினைப்பு அவளை விடவில்லை. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, தன் கையெழுத்து இருந்த கடைசி ஒரு வருடக் குறிப்புகளை மதிய இடைவேளைகளில் புரட்டினாள். ஃபெயின்ட் என்று போட்டிருந்தவை ஏழு. டிஸ்ஸி என்று போட்டிருந்தவை இருபத்திரண்டு. அத்தனை பேருக்கும் ஃபோன் செய்தாள். பலருக்கு ஒன்றும் இல்லை. சிலர், யாரோ எதையோ விற்கிறார்கள் என்று வைத்துவிட்டார்கள். டிஸ்ஸி என்று எழுதியிருந்தவர்களில், தையல் வேலை செய்கிற ஓர் அம்மாள் மட்டும், “தலையா? சுத்தலையேம்மா. திடீர்னு ஒண்ணும் தெரியாமப் போயிடும், முழிச்சா தரையில கிடப்பேன். அதைத்தானே அன்னிக்கு மயக்கம்னு சொன்னேன்?” என்றார்.

அவள் ஃபோனை வைக்கவில்லை. “அம்மா, வீட்ல கூட யார் இருக்கா? நாளைக்குக் காலையில வர முடியுமா?” என்று கேட்டுக்கொண்டே, இன்னொரு கையால் டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.